டம்ளரில் கொடுத்த உயிர்

கேள்வி: உங்களை மிகவும் கவர்ந்த விஞ்ஞானி யார்? ஐன்ஸ்டீன் என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது!

பதில்: டாக்டர் திலீப் மஹாலனாபிஸ். குழந்தை மருத்துவர், கல்கத்தாக்காரர். 1971-ல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த அகதிகள் முகாமில் காலரா பரவியது. நூற்றுக்கு 30 பேர் வரை இறந்தார்கள். நரம்பில் ஏற்றும் சலைனும் தீர்ந்துகொண்டே வந்தது. 'ஏற்ற முடியாவிட்டால் என்ன, குடிக்கக் கொடுப்போம்' என்று முடிவெடுத்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. குளுக்கோஸ் துணைக்கு வந்தால், வயிற்றுப்போக்கின் நடுவிலும் உப்பையும் தண்ணீரையும் குடல் உள்ளே அனுமதித்துவிடும். சிபாரிசுக்கு மசியும் உறுப்பு!

இந்தச் சூத்திரம் அவர் கண்டுபிடித்ததல்ல. ஆய்வுக்கூடங்களில் முன்பே தெரிந்ததுதான். ஆனால் கரைசலைக் குழாய் வைத்த பீப்பாயில் நிரப்பி, கொடுக்கும் பொறுப்பை நோயாளிகளின் அம்மாக்களிடமும் அண்ணன்களிடமும் ஒப்படைத்தாரே, அந்தத் துணிச்சல் அவருடையது. படிக்காதவர்களை நம்பலாமா என்று தயங்கிய மருத்துவ உலகுக்கு விடை கிடைத்தது: அவர் பொறுப்பிலிருந்த இடத்தில் இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இன்று மருந்துக்கடையில் கேட்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் அந்த வம்சம்தான்.

2022-ல் காலமானார். பத்ம விபூஷண் 2023-ல் அறிவிக்கப்பட்டது. அந்தத் தாமதம் மட்டும் எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.