வெட்ஜ் விற்பன்னர்

கால்ஃப் ஆடுவோர் ஒரு ஜாதி. கால்ஃப் மட்டை தேர்ந்தெடுப்போர் முற்றிலும் வேறொரு ஜாதி. இந்த இரண்டாவது வகுப்பில் பரிபூரண சித்தி எய்தியவராகிய வெட்ஜ் விற்பன்னரை, சென்னையில் எந்த கால்ஃப் மைதானத்துக்குப் போனாலும், சிற்றுண்டிச் சாலையின் தாழ்வாரத்தில், வெட்ஜ் எனும் மட்டையொன்றைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அதன் அடிப்பாகத்தைப் பெண்ணின் ஜாதகம் பார்க்கும் பிள்ளை வீட்டார்போல ஆராய்ந்துகொண்டிருக்கும் கோலத்தில் தரிசிக்கலாம்.

அவர் ஆராய்வது பவுன்ஸ். மட்டையின் அடித்தட்டில் பின்பகுதி முன்விளிம்பைவிட எத்தனை பாகை இறங்கியிருக்கிறது என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பாகை கூடினால் மட்டை மணலில் புதையாமல் வழுக்கி வெளியே வரும். குறைந்தால் கட்டாந்தரையிலும் பந்துக்கடியில் நுழையும். விஷயம் இவ்வளவுதான். ஆனால் சித்திரை வெயிலில் தரை இறுகுவதால் கோடைக்கு 6 பாகை, ஐப்பசி மழையில் அது சொதசொதப்பதால் அடைமழைக்கு 12, இரண்டுமற்ற தை மாசிக்கு 10, மே மாதத்தில் உதகைக்குப் போக நேர்ந்தால் அங்குள்ள ஈரப் புல்லுக்கென்று இன்னொன்று என்று அவர் சேகரித்திருக்கும் பரிவாரத்தைப் பார்த்தால், பஞ்சாங்கம் இல்லாமல் இவர் பந்தைத் தொடவே மாட்டார் என்று தோன்றும். பையில் 14 மட்டைகளுக்கு மேல் கூடாதென்று அமெரிக்க கால்ஃப் சங்கம் 1938இல் விதித்ததைத் தம் குடும்ப விவகாரத்தில் அந்நியர் தலையிட்டதாகவே அவர் இன்றளவும் கருதிவருகிறார்.

ஜீன் சாராசன் என்ற அமெரிக்கர் மட்டையின் அடியில் ஈயப்பற்றை உருக்கிச் சேர்த்து, அந்தப் புது வெட்ஜுடன் 1932இல் இங்கிலாந்துக்குப் போய், பிரின்சஸ் மைதானத்தில் பிரிட்டிஷ் ஓபனை வென்ற சரித்திரத்தை, ஈயம் உருகியபோது இவரும் உடனிருந்தாரோ என்று நாம் ஐயுறும்படி வர்ணிப்பார். சாராசன் அந்த மட்டையால் பந்தையும் அடித்தார் என்ற அற்ப விவரம் மட்டும் கதையில் அவ்வளவாக இடம்பெறுவதில்லை.

மெருகு விஷயத்தில் அவருடைய விசாரம் இன்னும் ஆழமானது. குரோம் பூச்சு வெயிலில் கண்ணைக் கூசவைக்கும். கருப்புப் பூச்சு மணலில் உராய்ந்து தேயும். ஆகவே பூச்சே இல்லாத வெறும் எஃகை வாங்கி, அது விரைவில் துருவேற வேண்டுமென்று மொட்டைமாடியில் பனியில் கிடத்தினார். துரு பந்தைப் பற்றிச் சுழற்றும் என்பது அவர் சித்தாந்தம். (சுழற்றுவது மட்டையின் முகத்திலுள்ள வரிப்பள்ளங்களே தவிர துருவல்ல, இதை அவரிடம் யார் சொல்வது?) நாலாம் நாள் பாத்திரம் தேய்க்கும் அம்மாள், வீட்டுச் சாமான் ஒன்று இப்படிப் பாழாவதைக் காணச் சகியாமல், புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்துப் பளிச்சென்று கொண்டுவந்து வைத்துவிட்டாள். "ஐயோ, துருப்பிடிக்கத்தானே அதிகப் பணம் கொடுத்து வாங்கினேன்!" என்று அவர் அலற, "அதைக் கொல்லைக் கடப்பாரை சும்மாவே செய்யுதுங்களே!" என்றார் அவர் மனைவி.

இவ்வளவு ஆயத்தங்களுக்கும் பிறகு அவர் ஆடுவதும் உண்டு. பந்து மணல் பள்ளத்தில் விழுந்துவிட்டால் அவருக்கு உள்ளூர ஆனந்தம். மணலைத் தொட்டுச் சோதிப்பது விதிப்படி குற்றம், இரண்டு அடி தண்டம் என்று நன்கறிந்தும், ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கிடையே நெருடிப் பார்த்து, தண்டத்தைத் தாமே முன்வந்து எழுதிக்கொள்வார்.

"சார், பந்தைப் பார்த்து அடிங்க சார், பின்னாலே நாலு பேர் காத்துக்கினு இருக்காங்க" என்பார் பை சுமக்கும் பெரியவர்.

"இருக்கட்டுமப்பா. 12ஆ 14ஆ என்று தெரியாமல் அடித்தால் அதற்குப் பெயர் ஆட்டமா?"

கடைசியில் 14 பாகையை ஓங்கி வீசினார். மணல் மேலெழுந்தது, பந்தும் சிறிது எழுந்து, பள்ளத்தின் விளிம்பில் முட்டி, அவர் காலடிக்கே உருண்டு வந்து சேர்ந்தது. அவர் முகத்தில் விசனத்தின் சாயல்கூட இல்லை. பள்ளத்தைவிட்டு ஏறாமலே, காத்திருந்த நால்வரையும் அருகில் அழைத்து, 12 பாகையின் மேன்மையை விளக்கத் தொடங்கிவிட்டார்.