முதுகில் பை, கையில் கேள்வி

கே: படிப்பை முடித்த கையோடு நண்பர்கள் நாலு பேர் தோளில் பையை மாட்டிக்கொண்டு மலேசியா வருகிறோம். கோலாலம்பூர், பினாங்கு, லங்காவி முடிவாகிவிட்டது. நடுவில் ஈப்போவுக்கு அரை நாள் போதுமா?
– நால்வர் அணி, திருப்பூர்

ப: அரை நாள் காப்பிக்கே சரியாகப் போய்விடும். வெள்ளைக் காப்பி குடித்து, முளைப்பயறும் கோழியும் சாப்பிட்டு, சுவரோவியத்துக்கு முன்னால் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு 'ஈப்போ பார்த்தாச்சு' என்று கிளம்புகிறவர்களால்தான் ஊர் நிரம்பி வழிகிறது. நீங்கள் இரண்டு ராத்திரி தங்குங்கள். ரயிலில் வந்து இறங்குங்கள். 1917-இல் கட்டி முடித்த அந்த வெள்ளை நிலையத்தை ஊர்க்காரர்கள் தாஜ்மகால் என்பார்கள். ஹப்பக் என்ற ஆங்கிலேயர் போட்ட வரைபடம். ஷாஜகானுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கங்காணி கூட்டிவந்த நம் ஆட்களில் பலர் பினாங்கில் கப்பலை விட்டு இறங்கி, இந்த ரயில் தடத்தைப் பிடித்துத்தான் தோட்டம் தோட்டமாகப் பிரிந்து போனார்கள். உங்கள் தெருவிலேயே யாருக்காவது இங்கே ஒரு சித்தப்பா இருப்பார். புறப்படும் முன் விசாரித்துவிட்டு வாருங்கள்.

கே: வெள்ளைக்காரன் ஆண்ட கதையை ஐந்தே நிமிடத்தில் தெரிந்துகொள்ள ஓர் இடம் சொல்லுங்கள்.
– அவசரக்காரர், சிரம்பான்

ப: பர்ச் மணிக்கூண்டு. ஈப்போ ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். பேராக்கின் முதல் பிரிட்டிஷ் ரெசிடென்ட் பர்ச், 1875-இல் பாசிர் சாலாக்கில் ஆற்றங்கரையில் குளித்துக்கொண்டிருந்தபோது கொல்லப்பட்டார். 1909-இல் அவர் நினைவாக மணிக்கூண்டு எழும்பியது. அது நிற்கும் தெருவுக்கு இன்று டத்தோ சாகோர் பெயர். பர்ச் கொலைக்காகத் தூக்கில் தொங்கியவர் அவர். செத்தவருக்கு மணி, கொன்றதாகத் தண்டிக்கப்பட்டவருக்குத் தெரு. தபால்காரருக்கு மட்டும் ஒரே முகவரி.

கே: பத்து காஜா கெல்லி கோட்டையில் பேய் நடமாட்டம் உண்டாமே?
– பயந்தாங்கொள்ளி, கம்பார்

ப: டிக்கெட் வாங்குகிறவருக்குப் பேய்க்கதை இலவசம். எனக்கு மனிதர் கதையே போதும்.

வில்லியம் கெல்லி ஸ்மித் ஸ்காட்லாந்துக்காரர், ரப்பரில் பணம் பார்த்தவர். 1915-இல் பெரிய மாளிகை கட்ட ஆரம்பித்தார். லிஃப்டுக்கு இடம் விட்டார், மேல்மாடத்துக்குத் திட்டம் போட்டார், கட்ட மதராசிலிருந்து ஆள் வரவழைத்தார். அதற்குள் ஸ்பானிஷ் காய்ச்சல் வந்து வேலையாட்கள் மடியத் தொடங்கினார்கள். மாரியம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று ஆட்கள் கேட்க, துரை கட்டிக்கொடுத்தார் என்பது ஊரறிந்த கதை.

கோட்டையைச் சுற்றிய கையோடு எல்லாரும் வண்டியைக் கிளப்பிவிடுவார்கள். நீங்கள் கொஞ்ச தூரம் தள்ளியிருக்கும் அந்தக் கோயிலுக்குப் போங்கள். அண்ணாந்து பார்த்தால், கூரையில் சாமி சிலைகளோடு சிலையாக வெள்ளைச் சூட்டும் தொப்பியும் போட்ட ஒரு துரை நிற்பார். நம் ஆட்கள் நன்றி சொல்வதில் கஞ்சத்தனம் காட்டியதே இல்லை. துரை 1926-இல் லிஸ்பனில் நிமோனியாவில் இறந்தார். மாளிகை பாதியில் நின்றது. காய்ச்சலில் செத்த தொழிலாளிகளின் பெயர்ப் பலகை ஒன்று அந்த வட்டாரத்தில் உங்கள் கண்ணில் பட்டால், உடனே எனக்கு எழுதுங்கள்.

கே: கல்லறையில் செல்ஃபி எடுக்கலாமா?
– கல்லூரி மாணவி, தைப்பிங்

ப: யார் கல்லறை என்று முதலில் படித்துவிட்டு எடுங்கள். பத்து காஜாவில் ஒரு கல்லறைத் தோட்டம் உண்டு. கம்யூனிஸ்ட் கொரில்லாக்களை ஒடுக்க மலாயாவில் 1948-இல் தொடங்கிய அவசரகாலத்தில் கொல்லப்பட்ட தோட்டத் துரைமார், சுரங்க அதிகாரிகள், போலீஸார், சிப்பாய்கள் அங்கே அடக்கம். கல்லில் பெயரைப் படித்த பிறகும் பல்லைக் காட்டத் தோன்றினால், கோளாறு கேமராவில் இல்லை.

கே: அந்த அவசரகாலம் எங்கே பற்றிக்கொண்டது?
– வரலாற்றில் தேறாதவர், கிள்ளான்

ப: சுங்கை சிப்புட்டில். 1948 ஜூன் 16 காலை எல்பில் தோட்ட ஆபீசில் மேனேஜர் வாக்கர் சுடப்பட்டார். அதே காலையில் பக்கத்து ஃபின் சூன் தோட்டத்தில் அலிசன், கிறிஸ்டியன் என்ற இருவர். இரண்டு நாளில் நாடு முழுக்க அவசரகாலம். பாடப்புத்தகம் இங்கே மூச்சுவிட நின்றுவிடும், நீங்கள் நிற்காதீர்கள். அந்தச் சட்டம் தொழிற்சங்கங்கள் மேலும் பாய்ந்தது. தஞ்சைச் சீமை தம்பிக்கோட்டையில் பிறந்து, அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்துக்குத் தலைவரான எஸ்.ஏ. கணபதி, ஆயுதம் வைத்திருந்தார் என்ற வழக்கில் 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். எல்பில் என்ற பெயர் இன்றும் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பலகையில் இருக்கிறது. துரையின் நாற்காலி போய்விட்டது, நம் பிள்ளைகளின் பெஞ்சு இருக்கிறது.

கே: எங்கள் பாட்டனாரைச் சயாமுக்குப் பிடித்துப் போனார்கள், திரும்பவில்லை. காஞ்சனாபுரி போனால் கல்லறை கிடைக்குமா?
– பேரன், ஈப்போ

ப: இதற்குக் கிண்டலாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, தம்பி. கிடைக்காது.

அவரைப் பிடித்துப் போனது, சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் 1942–43இல் போட்ட 415 கிலோமீட்டர் தண்டவாளத்துக்கு. காஞ்சனாபுரி போர்க் கல்லறையில் நேசநாட்டுக் கைதிகள் ஏறக்குறைய ஏழாயிரம் பேர் வரிசையாகக் கிடக்கிறார்கள். பெரும்பாலான கல்லில் பெயர், வயது, படைப்பிரிவு. அவர்களைவிடப் பல மடங்கு பேர் ஆசியக் கூலிகள். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் மட்டும் பல்லாயிரம். காலராவிலும் பட்டினியிலும் செத்தவர்களைச் செத்த இடத்திலேயே எரித்தார்கள், புதைத்தார்கள். படைக்குப் பதிவேடு இருந்தது. கூலிக்கு யார் எழுதி வைத்தார்கள்?

போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். போவதற்கு முன் வீட்டில் இருக்கும் மூத்த கிழவியிடம் உட்காருங்கள்: எந்தத் தோட்டம், கூடப் போனவர் யார், திரும்பி வந்தவர் என்ன சொன்னார். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்', கோ. புண்ணியவானின் 'கையறு' மூன்றும் நம் மலேசியத் தமிழ் நாவல்கள். பையில் ஒன்றாவது இருக்கட்டும். ரயில் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து 'என்ன அழகு' என்று வாய் தவறி வருவதை அது தடுக்கும்.

கே: எல்லாம் ஆண்கள் கதையாகவே சொல்கிறீர்களே?
– வாசகி, பினாங்கு

ப: கொட்டு வாங்கிக்கொண்டேன். பாப்பான் என்ற ஊருக்குப் போங்கள். சிபில் கத்திகாசு என்ற யுரேசிய நர்ஸும் அவர் கணவர் டாக்டர் கத்திகாசுவும் ஜப்பானியர் காலத்தில் ஈப்போவை விட்டு அங்கே குடிபோனார்கள். காட்டிலிருந்த கொரில்லாக்களுக்கு ரகசியமாக மருந்து கட்டினார்கள், வானொலி ஒளித்து வைத்து லண்டன் செய்தி கேட்டார்கள். 1943-இல் பிடிபட்ட சிபிலை ஜப்பானிய ராணுவப் போலீஸ் சித்திரவதை செய்தது. அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. பிரிட்டன் ஜார்ஜ் பதக்கம் கொடுத்தது. உடம்புக் காயம் ஆறாமல் 1948-இல் இறந்தார். ஸ்காட்லாந்தில் அடக்கமானவரை மறு வருடம் ஈப்போவுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். சீனக் கொரில்லா, யுரேசிய நர்ஸ், தமிழ்ப் பெயர் கொண்ட டாக்டர். 'அந்தக் காலத்தில் அதிகம் கஷ்டப்பட்டது எந்த இனம்' என்று உங்கள் கூட்டத்தில் யாராவது பட்டிமன்றம் ஆரம்பித்தால், பாப்பானில் இறக்கிவிட்டு வந்துவிடுங்கள்.

கே: அசல் ரப்பர் தோட்டமும் தொழிலாளர் குடியிருந்த பழைய லயமும் எங்கே பார்க்கலாம்?
– நால்வர் அணி, மறுபடியும்

ப: பாதி தோட்டத்தில் இன்று செம்பனைதான். மரத்தைப் பார்க்க ஆசையென்றால் கோல கங்சார் போங்கள்; 1877-இல் நட்ட முதல் கன்றுகளில் மிஞ்சிய ஒன்று வேலிக்குள் நிற்கிறது. அதற்குப் பெயர்ப் பலகை எல்லாம் பிரமாதமாக உண்டு.

லயத்தைத் தேடி அடுத்தவர் வீட்டு அடுப்படி வரை கேமராவோடு நுழையாதீர்கள். தோட்டம் விற்றுக் கைமாறி, ஆட்கள் தாமான் என்கிற குடியிருப்புகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் போய்விட்டார்கள். பல இடத்தில் மிச்சம் கோயிலும் பள்ளியும்தான். அந்தக் கோயில் திருவிழாவுக்கு வாருங்கள். கோலாலம்பூர், ஜொகூர் என்று சிதறிய குடும்பங்கள் காடி காடியாக வந்து இறங்கும். கொட்டகையில் ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, 'உங்க கஷ்டத்தைச் சொல்லுங்க ஐயா' என்று கேட்டால், 'அதெல்லாம் ஒன்னுமில்லப்பா, சாப்பிட்டியா?' என்பார். கதை முடிந்தது. 'எந்தத் தோட்டம்யா நீங்க?' என்று கேளுங்கள். விடியுமுன்னே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, தலையில் விளக்கு, மங்குக் கிண்ணத்தில் சொட்டும் பால், கையை விட்டுப் போகாத ஒட்டுப்பால் நாற்றம், கிராணி போட்ட கணக்கு, கிராணிக்கே போட்ட கணக்கு எல்லாம் வரும். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, கூலியும் இல்லை என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார், நீங்களும் சிரிக்கலாம், குற்றமில்லை.

கே: பையில் கட்டாயம் இருக்க வேண்டியது?
– நால்வர் அணியின் அம்மாக்கள்

ப: குடை, தாய்மாரே. மழைக்குப் பேர்போன தைப்பிங் போவதாக இருந்தால் ஆளுக்கு இரண்டு. ஊறுகாய் பாட்டில் வேண்டாம். திருவிழாவுக்கு வரும் பிள்ளைகளை எங்கள் கிழவிகள் பசியோடு திருப்பி அனுப்புவதில்லை. கல்யாணம் ஆகிவிட்டதா என்றும் கேட்பார்கள். அதற்கு மட்டும் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.