மே மாதம் பசிக்காத ஆசிரியர்கள்

தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறையிடம் ஒரு மருத்துவ ரகசியம் இருந்தது. அரசுப் பள்ளியில் ஓவியமோ தையலோ கணினியோ சொல்லித்தரும் பகுதிநேர ஆசிரியருக்கு ஜூனிலிருந்து ஏப்ரல் வரை பசிக்கும். மே மாதம் பசிக்காது. அந்த மாதம் வீட்டுக்காரர் வாடகை கேட்கமாட்டார், கேஸ் சிலிண்டர் தீராது, பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வராது. இப்படி நம்பித்தான் பத்து ஆண்டுகளுக்கு மேலாக வருஷத்துக்குப் பதினோரு மாதச் சம்பளம் போட்டார்கள்.

இந்த மே மாதத்துக்கு ஒரு முன்கதை உண்டு. தையல் ஆசிரியராக வேண்டுமென்றால் தையல் தெரிந்தால் மட்டும் போதாது. முதலில் அரசுத் தொழில்நுட்பத் தேர்வு: லோயர் கிரேடு, பிறகு ஹையர் கிரேடு. அதற்கு மேல் தொழில் ஆசிரியர் சான்றிதழ், அதாவது டி.டி.சி. அது கோடை விடுமுறையில் நடக்கும் 42 நாள் பயிற்சி. மண்டை பிளக்கும் வெயிலில் பயிற்சி மையத்துக்கு நடந்து, பாடக்குறிப்பு எழுதி, மாதிரி வகுப்பு எடுத்து, தேர்வும் எழுதியாக வேண்டும். சான்றிதழ் வாங்கக் கோடையில் வரச் சொன்ன அதே அரசுதான், வேலை கொடுத்த பிறகு கோடை என்றொரு காலமே காலண்டரில் இல்லை என்றது.

தகுதி கேட்பதைக் குறை சொல்லவில்லை. மின் இணைப்பின் பக்கத்திலும் தையல் இயந்திர ஊசியின் பக்கத்திலும் பிள்ளைகளின் கை போகும் வகுப்பு இது. தொழில் தெரிந்தவரெல்லாம் சொல்லித்தரத் தெரிந்தவர் ஆகிவிடமாட்டார். சான்றிதழ் கேளுங்கள். கேட்டு வாங்கிய பிறகு அதற்கு என்ன மரியாதை செய்தீர்கள் என்பதுதான் கேள்வி.

2012-ல் அ.தி.மு.க. ஆட்சியில் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். உடற்கல்வி, ஓவியம், இசை, தையல், கணினி, தோட்டக்கலை, கட்டிடக்கலை என்று பாடங்கள். மாதம் 5,000 ரூபாய். வாரம் மூன்று அரை நாள் வேலை. கட்டிடக்கலையும் பட்டியலில் இருப்பதால், தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய குஞ்சரமல்லன் இராஜராஜப் பெருந்தச்சனே விண்ணப்பித்து, சான்றிதழ் சரிபார்ப்புக்கு வந்திருந்தால் என்ன நடந்திருக்கும்?

“பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் அசல் எங்கய்யா?”

“கோயில் கல்வெட்டில் என் பெயர் இருக்கிறது, ஐயா.”

“கல்வெட்டை ஜெராக்ஸ் எடுத்து, கெஜட்டட் ஆபீசர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வாங்க. அனுபவச் சான்றிதழ் யார் கொடுத்தது?”

“ராஜராஜ சோழர்.”

“அங்கீகாரம் பெற்ற நிறுவனமா? ஆர்டர் காப்பி இருக்கா? டி.டி.சி. முடிச்சிருக்கீங்களா? முடிக்கலையா? அப்ப தள்ளி நில்லுங்க. அடுத்தவர் வாங்க.”

போகட்டும், எப்படியோ அவரும் தேறிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். கையில் என்ன கிடைத்திருக்கும்? அன்றைக்கு ஒரு கொத்தனார் சாரத்தில் ஏறிச் சில நாட்களில் சம்பாதித்த பணம்தான் இவருடைய மாதச் சம்பளம். பெருந்தச்சன் பேசாமல் கரணையை எடுத்துக்கொண்டு கட்டிட வேலைக்கே திரும்பியிருப்பார். நம்முடைய தையல் டீச்சரும் ஓவிய வாத்தியாரும்தான் நிரந்தரம் ஆவோம் என்று நம்பி உட்கார்ந்தார்கள்.

இந்தப் ‘பகுதிநேர’ யோசனை சென்னையில் மட்டும் முளைத்ததல்ல. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்திலேயே விதை இருக்கிறது. நூறு பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் நடுநிலைப் பிரிவுக்கு முழுநேரத் தலைமை ஆசிரியர் வேண்டும். கலைக்கும் உடற்கல்விக்கும் தொழிற்கல்விக்கும் பகுதிநேரப் பயிற்றுநர் போதும் என்கிறது அதன் அட்டவணை. தலைக்கு முழுச் சம்பளம், கைக்கு அரைச் சம்பளம்! கையால் உழைப்பவனைத் திண்ணைக்கு மேல் ஏற்றாத பழைய புத்திதான், சட்டத்தின் அட்டவணையில் போய் உட்கார்ந்துகொண்டது. 2020-ல் வந்த தேசியக் கல்விக் கொள்கையோ, 2025-க்குள் மாணவர்களில் பாதிப்பேருக்காவது தொழிற்கல்வி அறிமுகம் கிடைத்துவிடும் என்று முழங்கியது. யார் கற்றுத்தருவார்கள் என்று கேட்டால், பல மாநிலங்கள் தனியார் ஏஜென்சியைக் கைகாட்டின.

பணம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். 71 அரசு ஐ.டி.ஐ.களில் ரோபோவும் நவீன இயந்திரங்களும் வைக்க 2,877 கோடி ரூபாய்த் திட்டம் போட முடிந்தது. நல்ல திட்டம்தான். இயந்திரம் வந்து இறங்கினால் ரிப்பன் வெட்டலாம். ஓவிய ஆசிரியருக்கு மே மாதச் சம்பளம் போட்டால் எதை வெட்டுவது?

அவர்களுடைய சம்பளம் ஏறிய வேகத்தையும் பாருங்கள். 5,000 என்பது 7,000 ஆனது, பிறகு 7,700. 2021-ல் தேர்தல் வாசனை அடித்ததும் 10,000. அந்தத் தேர்தலில் தி.மு.க. கொடுத்த 181-வது வாக்குறுதி, பகுதிநேர ஆசிரியர்களைப் பணிநிரந்தரம் செய்வோம் என்பது. ஆட்சி வந்தது. ஆசிரியர்கள் பள்ளிக்கல்வித் துறையின் தலைமையகமான நுங்கம்பாக்கம் டி.பி.ஐ. வளாகத்து வாசலுக்கு வந்தார்கள். அந்த வளாகத்துக்குப் பேராசிரியர் அன்பழகன் பெயரை வைத்தார்கள். உள்ளே ஒரு பேராசிரியரின் பெயர், வாசலில் தார்ச்சாலையில் ஆசிரியர்கள். 2023 அக்டோபரில் போராடி, 2,500 ரூபாய் உயர்வுக்கு ஓர் அறிவிப்பு வாங்கினார்கள். நிரந்தரம் கேட்டவர்களுக்கு 12,500 கிடைத்தது. பசிக்குச் சோறு கேட்டவனுக்கு ஊறுகாய் வைத்து, இலையைப் படம் பிடித்துப் பத்திரிகைக்குக் கொடுத்தார்கள்.

வாரம் மூன்று அரை நாள் என்பதும் காகிதத்தில்தான். கணினி தெரிந்தவர் என்றால் எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரங்களை ஏற்றும் வேலை அவர் தலையில். ஓவியம் தெரிந்தவர் என்றால் ஆண்டு விழா மேடை அவர் தலையில். அந்த வேலைகளுக்கு யாரும் சான்றிதழ் கேட்பதில்லை, சம்பளமும் கொடுப்பதில்லை.

ஓர் ஆட்சி பகுதிநேரம் என்று வேலைக்கு எடுத்தது. அடுத்தது நிரந்தரம் என்று ஓட்டு வாங்கியது. இரண்டும் சேர்ந்து செய்தது பச்சைத் துரோகம். 2012-ல் சேர்ந்த 16,549 பேரில் ஏறக்குறைய 12,000 பேர்தான் மிஞ்சினார்கள். மற்றவர்களில் வேறு வேலைக்குப் போனவர்கள் உண்டு, செத்துப்போனவர்கள் உண்டு, அறுபது வயதாகி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் உண்டு. அப்படி வீட்டுக்குப் போனவர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது.