பெண் நடக்கட்டும், பாட்டு காத்திருக்கட்டும்

மலையேறிப் போய்க் கல்யாணம் செய்வது இப்போது நாகரிகம். சேலத்தைவிட்டு 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காட்டில் இறங்கினால், காப்பிச் செடிக்கும் சில்வர் ஓக் மரத்துக்கும் நடுவே புல்வெளியில் மணமேடை போட்டுத் தருகிற விடுதிகள் இருக்கின்றன. பூ, பந்தல், பந்தி எல்லாம் பேசி முடித்த பிறகு குடும்பத்தில் ஒரு வட்டமேசை மாநாடு கூடும். பெண் மேடைக்கு நடந்து வரும்போது என்ன பாட்டுப் போடுவது? அத்தை ஒரு பழைய பாட்டைச் சொல்வார், தோழிகள் வாட்ஸப்பில் வண்டி வண்டியாக அனுப்புவார்கள், பெரியப்பா மட்டும் 'அர்த்தம் மங்களகரமா இருக்கணும்' என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தூங்கப் போவார். அறையிலிருந்து மேடைவரை எத்தனை படி, எவ்வளவு சரிவு என்று கேட்கிற ஆள் ஒருவர்கூட அங்கே இருக்கமாட்டார். ஆனால் கேட்க வேண்டியது அதைத்தான். கல்யாணப் பெண்ணின் நடைக்கு இசையைத் தேர்ந்தெடுப்பது காதின் வேலை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது காலின் வேலை.

முதலில் பெரியப்பாவின் கட்சியைப் பார்ப்போம். அர்த்தம் பார்த்துத்தான் பாட்டு என்றால், உலகத்தில் பாதிக் கல்யாணம் நிசப்தமாகத்தான் நடந்திருக்கும். சினிமாவில் எந்தக் கிறிஸ்தவக் கல்யாணம் வந்தாலும் ஒலிக்கிற அந்த மணப்பெண் இசை, வாக்னரின் 'லோஹென்கிரின்' ஆபெராவில் வருவது. 1850இல் வைமர் நகரில் முதலில் மேடையேறியது. அதன் கதையில் மாப்பிள்ளை, தன் பெயரையும் ஊரையும் கேட்கவே கூடாது என்ற நிபந்தனையோடு பெண்ணைக் கட்டுகிறார். ஜாதகமே வாங்காமல் பெண் கொடுத்தால் வேறென்ன ஆகும்? மணமக்களைப் பள்ளியறைக்கு அழைத்துப்போகும்போது இந்தப் பாட்டு. அதே இரவில் பெண் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறாள். மாப்பிள்ளை வந்த வழியே கிளம்பிவிடுகிறார். பெண் விழுந்து உயிரை விடுகிறாள். திருமணம் முடிந்து வெளியே வரும்போது வாசிக்கிற மெண்டல்சனின் அணிவகுப்பு இசையோ, ஒரு பாத்திரம் கழுதைத் தலையோடு திரிகிற ஷேக்ஸ்பியர் நாடகத்துக்காக எழுதியது. இந்த இரண்டையும் 1858இல் விக்டோரியா மகாராணியின் மூத்த மகள் கல்யாணத்தில் வாசித்தார்கள்; அரண்மனையில் வாசித்துவிட்டால் அப்புறம் அர்த்தத்தை யார் கேட்கப் போகிறார்கள்? காப்பிக்கன்றோடு ஏற்காட்டின் சேர்வராயன் மலையேறிய துரைமார்களின் தேவாலயங்களுக்கும் அவை வந்து சேர்ந்திருந்தால் வியப்பில்லை.

நம் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறது? தமிழ்நாட்டு மண்டபங்களில் ஒலிபெருக்கி தேய்ந்துபோகும்வரை போட்ட 'வாராயென் தோழி' 1961இல் வந்த 'பாசமலர்' படத்துப் பாட்டு. எழுதிய கண்ணதாசன், ஏற்காட்டு மலையடிவாரத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் படக்கம்பெனியின் கதை இலாகாவில் ஒரு காலத்தில் வேலை பார்த்தவர் என்பதால் இந்த மலைக்கு அந்தப் பாட்டின்மேல் ஒரு சின்ன உரிமைகூட உண்டு. ஆனால் படத்தின் முடிவில் அண்ணனுக்குக் கண் போகிறது, பிறகு அண்ணனும் தங்கையும் ஒன்றாகவே போய்ச் சேருகிறார்கள். புகுந்த வீட்டு வாசலில் ஒலிக்கிற 'மணமகளே மருமகளே வா வா' வருவது 1962இன் 'சாரதா'வில். கட்டிய கணவனே மனைவிக்கு மறுமணம் செய்துவைக்கத் துணிகிற கதை அது. 'கல்யாண மாலை' பாட்டோ, மனைவியோடு ஒத்துப்போகாமல் ஓடிப்போகிற பாடகனின் படமான 'புதுப்புது அர்த்தங்க'ளில் (1989) இருக்கிறது. இத்தனை பாட்டும் ஒலித்த மண்டபங்களில் தாலி கட்டிக்கொண்டவர்கள் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். பாட்டின் கதைக்கும் வாழ்க்கையின் கதைக்கும் சம்பந்தம் இல்லை என்பதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டாம்.

சரி, அர்த்தம் விலகிக்கொண்டது. மிச்சம் இருப்பது நேரம். பதிவுசெய்த பாட்டு நான்கு நிமிடம் என்றால் நான்கு நிமிடம்தான். அதற்கு ஈவிரக்கம் கிடையாது. மணப்பெண்ணின் நடைக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. சமதரையிலேயே இல்லை என்றால், மலையில் கேட்கவா வேண்டும்? ஈரப் புல்லில் குதிகால் செருப்பு புதையும். பட்டுப்புடவைக் கொசுவத்தை ஒரு கையிலும் சித்தியை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு படி இறங்க வேண்டும். மேகம் இறங்கி வழியை மறைக்கும். எல்லாம் சரியாகி நாலடி வைத்தால் போட்டோக்காரர், 'ஒரு நிமிஷம் மேடம், அங்கேயே நில்லுங்க, பின்னாடி மலை வருது' என்பார். கடைசியில் நடப்பது இரண்டில் ஒன்று. பல்லவி வருமுன்பே பெண் மேடைக்கு வந்து, மிச்சப் பாட்டு முழுவதற்கும் சிரித்தபடி நிற்கிறாள். அல்லது பாட்டு முடிந்துவிட, பாதி வழியில் செருப்புச் சத்தத்தோடு வருகிறாள். இரண்டாவது நிலைமையில் மைக்கில் 'ஹலோ, செக்' என்று ஒரு குரல் கேட்பது தவிர்க்க முடியாதது.

நாதஸ்வரத்துக்கு இந்தச் சங்கடம் வருவதே இல்லை, ஏனென்றால் அது ஊர்வலத்துக்கென்றே வளர்ந்த வாத்தியம். கோயிலில் சுவாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிற மல்லாரியைப் பாருங்கள். கம்பீர நாட்டை ராகம், சாகித்தியம் கிடையாது, ஆகவே பெரியப்பா ஆட்சேபிக்கவும் வழி கிடையாது. சுவாமியைத் தூக்குகிறவர்கள் தோள் மாற்றினால் வாசிப்பு நிற்காமல் நீளும். வீதி மூலையில் நின்றால் அங்கேயே ஒரு ஆலாபனை விரியும். ஜானவாசத்திலும் இதே கதைதான். மாப்பிள்ளையின் கார் நகர்ந்தால் வாசிப்பும் நகரும். கெட்டிமேளமோ இந்தக் கலையின் உச்சி. ராகத்தின் எந்த இடத்தில் இருந்தாலும், யாரோ ஒரு பெரியவர் விரலை ஆட்டினால் அடுத்த நொடியில் தவில் பொழிய வேண்டும். வாசிப்பவரின் வாய் சீவாளியில், கண் மணமேடையில். மேற்கிலும் விவரம் தெரிந்தவர்கள் இதைத்தான் செய்திருக்கிறார்கள். தேவாலய ஆர்கன்காரர் சபைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். அதனால் பல இடங்களில் அவர் முன்னால் ஒரு கண்ணாடியை மாட்டிவைத்திருப்பார்கள், மணப்பெண் எதுவரை வந்திருக்கிறாள் என்று பார்க்க. 1981இல் டயானா 25 அடி நீள ஆடைத் தொங்கலை இழுத்துக்கொண்டு, பக்கவாதத்திலிருந்து தேறி வந்த அப்பாவின் கையைப் பிடித்து, புனித பால் பேராலயத்தில் நடந்தபோது இசைத்ததும் உயிருள்ள மனிதர்கள்தான். அந்தத் திருமணம் 1996இல் முறிந்தது உண்மை. ஆனால் நடை பிசகவில்லை. என் வாதம் நடையைப் பற்றி மட்டுமே.

'டிஜே இருக்கிறாரே, பாட்டைத் திருப்பித் திருப்பி ஓட்டுவாரே' என்பார்கள். ஓட்டுவார். அவரும் பெண்ணைப் பார்த்து ஓட்டினால் எனக்குச் சண்டையே இல்லை. பெரும்பாலும் அவர் பார்ப்பது லேப்டாப்பை. பெண்ணுக்குப் பிடித்த சினிமாப் பாட்டு போய்விடுமே என்று தோழிகள் வருத்தப்பட வேண்டாம். நாதஸ்வரத்தில் வராத சினிமாப் பாட்டு இல்லை, அதை எட்டு நிமிடம் இழுக்கச் சொன்னாலும் முகம் சுளிக்கமாட்டார்கள். கொஞ்சம் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: மலைக் குளிர். குளிரில் குழலின் சுருதி இறங்கும், பனி ஈரத்தில் தவிலின் தோல் தளரும். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் நல்ல தவில்காரர் வாரைப் பிடித்தோ திருகாணியை முறுக்கியோ சரிசெய்துகொள்வார். சுருதி பார்க்க அரை மணி முன்னதாக ஒரு சூடான அறையும் காப்பியும் கொடுத்தால் போதும், காப்பிக்கு ஏற்காட்டில் பஞ்சமா? ஈரத்தில் கோளாறாகிப்போன புளூடூத் பெட்டிக்குக் காப்பி கொடுத்துப் பயனில்லை. செலவு அதிகம் என்பதும் மெய்தான். ஆனால் பலூன் வளைவுக்குக் கொடுக்கிற பணத்தைப் பார்த்த பிறகு இந்த ஆட்சேபத்தை என்னால் மரியாதையோடு கேட்க முடியவில்லை.

ஆகையால், ஏற்காட்டில் இடம் பார்க்கப் போகிறவர்களுக்கு என் விண்ணப்பம் இது. பாட்டுப் பட்டியலைக் கீழேயே வைத்துவிட்டுப் போங்கள். அறையிலிருந்து மேடைவரை புடவை கட்டிய ஒருவரை நடக்கவிட்டுப் பாருங்கள். மேளக்காரர் நிற்கிற இடத்திலிருந்து பெண் வருகிற வழி தெரிகிறதா என்று பாருங்கள்; நடுவில் பலூன் வளைவு மறைத்தால் வளைவை எடுத்துவிடுங்கள். மேளக்காரர்களுக்கு முன்பணம் கொடுக்கும்போதே மலையேற வேனும் பேசிவிடுங்கள், வளைவில் வாந்தி வருகிறவருக்கு முன் சீட்டு ஒதுக்குங்கள். என்ன பாட்டு என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.