மாப்ளைக்கு அவசரமாம்

என்னப்பு, பிரேக்கரை உள்ள தள்ளப் போறியாம்ல? தள்ளு, தள்ளு. அஞ்சு மணிக்குக் கரண்டு வந்துரும்னு பேப்பர்லயே போட்டாச்சு. மணி இப்பவே நாலே முக்கால். மாவு மில்லுக்காரர்ல இருந்து கல்யாண வீட்டுக்காரவுக வரைக்கும் போன் அடிச்சுக்கிட்டு இருக்காக. இந்நேரத்துல போயி லைன் கிளியர் திரும்பி வந்துருச்சா, லைன்ல மாட்டுன எர்த் ராடைக் கழட்டிட்டாகளான்னு லாக்புக்கைப் புரட்டுனா உன் கெத்து என்னாகுறது?

1932-ல நீலகிரி பைக்காராவுல டர்பைன் சுத்துச்சு. அந்த மலைக் கரண்டோட பேரு நம்மூருப் பசுமலைப் பக்கம் ஒரு ஏரியாவுக்கே ஒட்டிக்கிச்சு. மலையெறங்கி அம்புட்டுத் தூரம் வந்த கரண்டு, உனக்காகக் கால் மணி நேரம் காத்திருக்காதா என்ன?

டிராலியை டெஸ்ட் பொசிஷன்ல நிறுத்தி, கன்ட்ரோல் பிளக்கை மாட்டி, ஒருவாட்டி போட்டு ஒருவாட்டி ட்ரிப் பண்ணிப் பாக்கணும்னு கெழட்டுப் பயலுக சொல்லுவாக. ட்ரிப் பண்ற டி.சி. சப்ளை செத்துக் கெடந்தா பால்ட் வந்தாலும் பிரேக்கர் அசையாதுன்னு அவுகளுக்கு ஒரு பயம். அப்புறம் ஆஃப் பண்ணிட்டு, மெக்கானிசத்தோட ஒட்டி நகருற சின்னத் தகட்டைக் குனிஞ்சு பாக்கச் சொல்லுவாக. பச்சை லைட்டு எரிஞ்சாப் பத்தாதாம். பல்பு ஏமாத்துமாம், தகடு ஏமாத்தாதாம். ஆன்ல இருக்குற பிரேக்கரை பஸ்பாரோட சேர்த்தா, வேக்குவம் குப்பிக்குள்ள அடங்க வேண்டிய ஆர்க் வெளிய காண்டாக்ட்டுலயே எந்திரிச்சுருமாம். சூரியனோட மேல் சூடே 5,500 டிகிரிதேன். ஆர்க்கு 20,000 வரைக்கும் போகும்கிறாக. செம்பு உருகாது மாப்ள, ஆவியாப் போயிரும். அந்த ஆவி பல ஆயிரம் மடங்கு ஊதிப் பெருத்து பேனல் கதவைப் பேத்துக்கிட்டு வரும். நீதேன் பெரிய ஆளாச்சே, கையால தடுத்துருவ.

டிராலியை உள்ள தள்ளுற ஹேண்டில் ஓட்டைக்குள்ள எறங்கலையா? எர்த் சுவிட்ச் போட்டிருக்கா, பிரேக்கர் ஆன்ல கெடக்கா, கதவு சரியாச் சாத்தலையான்னு நின்னு யோசிக்காத. ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பு. இன்டர்லாக்கை வச்சவன் வேலவெட்டி இல்லாத பய. வருசக்கணக்கா உக்காந்து அதை டிசைன் பண்ணி, டெஸ்ட் பண்ணி அனுப்பியிருக்கான் பாரு, உன்னைய மாதிரி அறிவாளி மதுரையில இருக்கான்னு தெரியாம.

பாதி வழியில ஹேண்டில் இறுகுனாலும் விடாத. பக்கத்துல நிக்கிற ரெண்டு பேரைக் கூப்புட்டுத் தொங்கச் சொல்லு. ஷட்டர் ஏறாம நிக்கிதோ, டிராலி கோணிக்கிச்சோ, அது அதோட கவலை. பின்னால எடுத்துப் பாக்குறதெல்லாம் கோழைப்பயலுக வேலை. ஸ்பிரிங் சார்ஜ் ஆகி இருந்தா விரலை விட்டுத் தடவிப் பாரு. விரலு பத்து இருக்குல்ல.

எங்கன நிக்கணும்னு கேக்குறியா? அலங்காநல்லூருல வாடிவாசலுக்கு நேரா எவனாச்சும் நிப்பானா? ஓரத்துல அணைஞ்சுல்ல நிப்பான். நீ சிங்கக்குட்டி, கதவைத் தொறந்து போட்டு நேரா மூஞ்சியக் காட்டு. ஆர்க் சூட்டு போட்டா வேர்க்குதுன்னு அது பீரோ மேல கெடக்கு. கெடக்கட்டும், தூசி படியாம இருக்கும். அந்தக் கையுறைய வேணா எடுத்துக்க. காத்து ஊதி ஓட்டை பாத்தியா? பாக்காத, நேரமாகுது.

என்னடா, கதவைச் சாத்துற? லாக்புக்கையும் எடுத்துட்ட? சரி, உன் இஷ்டம். போன் வந்தா இங்கிட்டுக் குடு, மாவு மில்லுக்காரரு நமக்கு மாமன் முறைதேன், நான் பேசிக்கிறேன். வேலை முடிஞ்சதும் ஹேண்டிலைக் கழட்டி அது கொக்கியிலயே மாட்டு. போனவாட்டி அதைத் தேடி அலைஞ்சோம். கடைசியில பார்த்தா எவனோ கக்கூஸ் கதவுக்கு முட்டுக் குடுத்திருக்கான்.