மின்தடையே இல்லாமல் வாழ்வது எப்படி?

பாகூர் ஏரிக்கரையில் நின்று 'மின்தடை' என்று சொல்லிப் பாருங்கள், எல்லாரும் மோட்டார் கொட்டகையைத் திரும்பிப் பார்ப்பார்கள். இயற்பியல்காரர்களுக்கு அது வேறு: கம்பியில் ஓடும் மின்சாரத்தை வழிமறித்துச் சூடாக்கி வீணடிக்கிற குணம். அது அறவே இல்லாத பொருள்தான் மீக்கடத்தி. 1911-ல் லைடன் நகரத்துக் காமர்லிங் ஓனஸ் பாதரசத்தில் அதைக் கண்டார், மைனஸ் 269 டிகிரிக்குக் குளிர்த்த பிறகு. வில்லியனூர் மே மாதத்தில் ஐஸ் கட்டியே நிற்காது. எனவே நமக்கு வேண்டியது அறைச் சூட்டிலேயே வேலை செய்கிற மீக்கடத்தி.

முதலில் சூளை பிடியுங்கள். அதற்கு வில்லியனூரைவிடத் தோதான ஊர் எது? இங்கத்திச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு; 2020-ல் பத்மஸ்ரீ வாங்கிய வி.கே. முனுசாமி இந்த ஊர்க்காரர். 2023 ஜூலையில் தென்கொரியாவிலிருந்து, அறைச் சூட்டு மீக்கடத்தி என்று சொல்லி வந்த எல்கே-99 செய்முறையும் சூளை வேலைதான். லீ, கிம் இருவரின் முதலெழுத்தும், அவர்கள் அதைக் கண்ட ஆண்டும் சேர்ந்த பெயர். ஈய ஆக்சைடும் ஈய சல்பேட்டும் 725 டிகிரியில் ஒரு நாள். செம்பும் பாஸ்பரசும் 550 டிகிரியில் இரண்டு நாள். இரண்டையும் அரைத்து, காற்றை உறிஞ்சிய குழாயில் அடைத்து 925 டிகிரி. அதிரசத்துக்குப் பாகு பதம் பார்ப்பது இதைவிடக் கஷ்டம்.

எங்கள் தெருக் குயவர் பெரியப்பாவிடம் குறிப்பைப் படித்துக் காட்டினேன். "ஈயப் பொகைய மோந்தா ஆளே காலி. பொம்ம சுடுற எடத்துல இன்னாத்துக்குடா இது?" என்றார். இந்தக் கட்டுரையில் நீங்கள் உண்மையிலேயே கேட்க வேண்டியது அவர் பேச்சு ஒன்றைத்தான்.

அடுத்து வீடியோ. துணுக்கைக் காந்தத்தின்மேல் வையுங்கள். ஒரு முனை தூக்கி, மறுமுனை ஒட்டி நின்றால் போதும், 'மிதக்கிறது' என்று போட்டுவிடலாம். இரும்பின் காந்தக் குணம் கொஞ்சம் கலந்திருந்தாலே அப்படி நிற்கும் என்று ஒருவர் கமெண்ட் போடுவார். பிளாக் செய்யுங்கள்.

பிறகு தடையை அளந்து பாருங்கள். 104 டிகிரி பக்கம் சடாரென்று விழும். சீக்கிரம் கொண்டாடுங்கள், ஏனென்றால் விழுந்தது எல்கே-99-ன் தடை அல்ல. சுடும்போது உண்டான காப்பர் சல்பைடு கசடு அந்தச் சூட்டில் படிக அமைப்பை மாற்றிக்கொள்கிறது. ஸ்டுட்கார்ட்டின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தார் கசடில்லாத படிகம் வளர்த்தார்கள்: ஊதா நிறம், ஒளி ஊடுருவும், மின்சாரம் போகாது. சுவிட்ச் போர்டு செய்ய ஆகும்.

ஈயம் பயமாக இருந்தால் நகை வழி இருக்கிறது. 2018-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் தேவ்குமார் தாபாவும் அன்ஷு பாண்டேயும் தங்கத்துக்குள் நுண்ணிய வெள்ளித் துகள்களைப் பதித்து, மைனஸ் 37 டிகிரியில் மீக்கடத்தல் என்று அறிவித்தார்கள். தனித்தனி அளவீடுகள் இரண்டில் இரைச்சல் புள்ளிகள் அச்சாக ஒன்றுபோல் இருப்பதை எம்ஐடியின் பிரையன் ஸ்கின்னர் கவனித்தார். இரண்டு கழனியில் ஒரே வரிசையில் களை முளைக்குமா? ஆகவே நீங்கள் களையையும் கவனமாக விதையுங்கள்.

மீக்கடத்தி என்று பெயர் வாங்கத் தடை பூஜ்யமாக வேண்டும், காந்தப் புலத்தை வெளியே தள்ள வேண்டும், இன்னொரு ஆய்வகமும் செய்து காட்ட வேண்டும். அறைச் சூட்டில், சாதாரண அழுத்தத்தில், இம்மூன்றையும் தாண்டிய பொருள் இன்றுவரை இல்லை.

பராமரிப்புப் பணிக்காக மின்தடை என்று அறிவிப்பு வரும் நாளில் சூளையை மூட்டுங்கள். விறகுக்குக் கரண்ட் வேண்டாம்.