அகத் தேதியும் புறத் தேதியும்: சேரப்பணஞ்சேரி வருகைப் பதிவு குறித்த ஓர் ஆய்வு

தேதி ஒன்றல்ல, இரண்டு என்பதே இவ்வாய்வின் கருதுகோள். தரவுத்தளத்தில், அதாவது கணினி தன் பதிவுகளை அடுக்கி வைக்கும் கிடங்கில், ஆண்டு முன்னும் நாள் பின்னுமாக ‘2025-04-03 18:30:00’ என்று யார் கண்ணிலும் படாமல் கிடப்பது அகத் தேதி. அதுவே இணையப் பக்கத்தின் அட்டவணையில் ஏறி ‘04-04-2025, நள்ளிரவு 12:00’ என்று ஊரறிய நிற்பது புறத் தேதி. அகப்பாடலில் தலைவன் பெயரைச் சுட்டக்கூடாது என்பது இலக்கண மரபு. அகத் தேதியும் தன் ஊரைச் சொல்வதில்லை. அது பெரும்பாலும் கிரீனிச்சை ஒட்டிய உலகப் பொது நேரத்திலேயே இருக்கும். ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டி அதை நம்மூர் ஆக்குவது அட்டவணை எழுதுபவரின் கடமை.

இம்மாற்றத்தை ஆராய உகந்த களம் ஒரகடம் வட்டாரத்துச் சேரப்பணஞ்சேரி ஆகும். கொரியாவின் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையிலும் ஜெர்மனியின் டைம்லர் ஒரகடத்திலும் ஆலை நடத்தும் இப்பகுதியில், ஆண்டை முதலில் எழுதும் கொரிய வழக்கும், நாளை முதலில் எழுதிப் புள்ளி வைக்கும் ஜெர்மன் வழக்கும், மாதத்தை முன்னிறுத்தும் அமெரிக்க மென்பொருள் வழக்கும் ஒரே டீக்கடை பெஞ்சில் அமர்கின்றன. ஆகவே 03/04/2025 என்பது ஏப்ரல் 3 எனவும் மார்ச் 4 எனவும் பாடபேதம் கொள்ளும். நாளும் மாதமும் 12-ஐத் தாண்டாத 144 தேதிகளில், இரண்டும் ஒன்றேயான 12-ஐக் கழித்தால், ஆண்டுக்கு 132 நாள்கள் ஐயத்துக்குரியவை. மாதந்தோறும் 13ஆம் தேதி முதல் ஊர் நிம்மதியாக இருக்கும்.

தேதியை உருமாற்றும் கட்டளைகள் சூத்திரம் போலச் சுருங்கியவை, உரையின்றி விளங்காதவை. மை எஸ்.க்யூ.எல். என்னும் தரவுத்தளத்தில் சிறிய ‘எம்’ மாதத்துக்கு உரியதாகிவிட்டதால், நிமிடம் ‘ஐ’ என்னும் எழுத்தோடு ஒதுங்க வேண்டியதாயிற்று. இதையறியாத புதியவர் மணிக்குப் பக்கத்தில் ‘எம்’ எழுதினால், ஏப்ரல் மாதம் முழுவதும் ஆலையிலுள்ள அனைவரும், எந்த மணியில் வந்தாலும், சரியாக 4 நிமிடம் கடந்தே வந்ததாக அட்டவணை சாட்சி சொல்லும். மே மாதத்தில் ஒழுக்கம் மேலும் ஒரு நிமிடம் குன்றும்.

எனினும் ஆய்வின் உயிர்நாடி நைட் ஷிப்டே. இரவு 10 மணிக்குக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிப் பஞ்ச் வைத்து, காலை 6 மணிக்கு மறுபடி பஞ்ச் வைத்து வெளியேறும் தொழிலாளியை, ஐந்தரை மணியைக் கூட்ட மறந்த அட்டவணை மாலை 4:30-க்கு வந்து நள்ளிரவு 12:30-க்குப் போனவராகக் காட்டுகிறது; அதில் தேதி மாறுவது நம் நேரப்படி விடிகாலை 5:30-க்குத்தான். எச்.ஆர். பிரிவினர் இதைப் பிழை என்பர். பஞ்சாங்க நோக்கில் அவர்கள் கூற்றே பிழை. 60 நாழிகை கொண்ட தமிழரின் நாள் சூரிய உதயத்தில் பிறப்பதேயன்றி நள்ளிரவில் பிறப்பதன்று. இவ்வட்டாரத்தில் உதயம் பருவத்துக்கேற்ப ஏறத்தாழ 5:40-க்கும் 6:35-க்கும் இடையே நிகழ்கிறது. எனவே சோம்பலாக எழுதப்பட்ட அட்டவணை, தானறியாமலேயே, மூன்று நாழிகைக்கு மிகாத வித்தியாசத்தில் பஞ்சாங்கத்தை அனுசரித்து வருகிறது.

எண்ணத் தொடங்கும் நாளிலும் மரபுத் தொடர்ச்சி உண்டு. யுனிக்ஸ் வழிக் கணினிகள் 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணுகின்றன. இதே மாவட்டத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு முதலாம் பராந்தகனின் ஆட்சித் தொடக்கத்திலிருந்து எண்ணி, 14ஆம் ஆண்டு 16ஆம் நாள் என்கிறது. கல்வெட்டில் தேதி இல்லையெனில் கல் வெறுங்கல்லாகவே நிற்கும். அட்டவணைக்கு அந்த அடக்கம் கிடையாது; வெற்றிடத்தைச் சுழியமாகக் கொண்டு ‘01-01-1970, காலை 5:30’ என்று நிரப்பிவிடும். இதனால் 25 வயதுத் தொழிலாளி ஒருவர், தாம் பிறப்பதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே, விடியற்காலையில் வேலையை விட்டு விலகியவராகிறார்.

நொடிகளை 32 பிட்டில், அதாவது 2,14,74,83,647-க்கு மேல் எண்ணத் தெரியாத பெட்டியில், சேர்க்கும் பழைய அட்டவணைகளுக்கு முடிவும் குறிக்கப்பட்டுள்ளது. 2038 ஜனவரி 19, இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடி வரை அவை ஓடும். அடுத்த நொடி 1901 டிசம்பர். அன்று செவ்வாய்க்கிழமை, எமகண்டம் 9 மணிக்குத்தான் தொடங்குகிறது.